மேற்பார்வையும் மனவூக்கமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



பல்லாண்டு உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய பெரியோர்கள் நிறைந்த இச்சபையில், இன்னும் பட்டம் பெறாத நான் வேலைத்தலத்தைப் பற்றிப் பேச எழுந்தமை துணிகரமான காரியமே. முப்பது ஆண்டு கந்தோரில் இருந்தவர்களுக்கு முகாமையைப் பற்றிச் சொல்லப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆயினும், "நீர் படிப்பதில் எங்களுக்குப் பயன்படக் கூடியதைச் சொல்லும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தமையால் இங்கு நிற்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேலே இருப்பவர் வேலை வாங்கும் முறைக்கும், கீழே இருப்பவர் மனத்தில் எழும் ஊக்கத்துக்கும் உள்ள தொடர்பு யாது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். இதனை நான் முதலிற் கற்றது நூலிலிருந்து அன்று. ஆகவே நூலுக்குப் போகுமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விடைதாருங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில், கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிலையத்தின் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். அங்கு எங்களுக்கு மேலாக இருந்தவர் கெட்டவர் அல்லர். கடும் உழைப்பாளி, பிறர் பொருளில் ஒரு சதமும் தொடாதவர். ஆனால் தம்மைத் தவிர வேறெவரும் மனம் வைத்து வேலை செய்யமாட்டார் என்பது அவர் கொண்ட முடிபு. நாங்கள் வந்த நேரம், போன நேரம், தேநீர் குடிக்க எடுத்த நேரம் எல்லாம் அவருடைய கொப்பியில் ஏறும். முதல் வாரத்தில், அதிகம் விலைப்படும் சாமான்களை வாசலுக்கு அண்மையில் அடுக்கினால் நடை மிச்சமாகுமே என்று சொன்னேன். "தம்பி, உமக்குச் சொன்ன வேலையைப் பாரும்" என்றார். அன்று தொடக்கம் சொன்ன வேலையை மட்டுமே பார்த்தேன்.

மாரிகாலம் வந்தது. ஒரு நாள் மாலை வீட்டுக்குப் புறப்படும் வேளையில், பின்மூலைக் கூரை ஒழுகத் தொடங்கியிருப்பதைக் கண்டேன். அதன் கீழே சீனி மூடைகள் இருந்தன. சொல்ல வாயெடுத்தேன். 'எனக்குச் சொன்ன வேலை இதுவல்லவே' என்று மனம் சொல்லிற்று. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். இரவு முழுவதும் மழை கொட்டியது. மறுநாட் காலை மூடைகள் கரைந்து, நிலமெல்லாம் பாகாய் ஓடிக் கிடந்தது. அப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த வயதான தொழிலாளியின் சம்பளத்தில் நட்டத்தின் ஒரு பங்கை வெட்டினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் பெற்றோருக்குங்கூடச் சொல்லாத இதனை இன்று இச்சபையிலேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சில வாரங்களின் பின் அந்த மேற்பார்வையாளர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் நாளே எங்களை ஒருங்கே இருத்தி, எல்லோருக்கும் பிளேன்ரீ வருவித்து, "நான் இவ்விடத்துக்குப் புதியவன். இங்கே எது பிழை, எது சரி என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்" என்றார். சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் அந்த வயதானவர் தொடங்கினார். பதினெட்டு ஆண்டாக அவர் கண்டு வைத்திருந்தவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. கூரை திருத்தப்பட்டது, அடுக்கும் ஒழுங்கு மாறியது. எங்கள் சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை பெய்தபோது, எவரும் அழையாமலே நான் பஸ் ஏறிப்போய்க் காவலாளியைக் கொண்டு பண்டகசாலையைத் திறப்பித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்பர்களே, ஒழுகும் கூரையைக் கண்டும் காணாதவன்போற் போனவனும் நான். விடுமுறை நாளில் மழையில் நனைந்து போனவனும் நான். எனக்குள் இருந்த சோம்பலோ நேர்மையோ ஒரு மாதத்தில் மாறியிருக்க முடியாது. மாறியது எது? இக்கேள்வியோடுதான் நான் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பாடத்தில் அமர்ந்தேன்.

நிற்க. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான பிரெடெரிக் ரெயிலர் என்பவர். அவர் 1911ஆம் ஆண்டில் விஞ்ஞான முகாமை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓர் இரும்பாலையில், நாளொன்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரைத் தொன் இரும்பு சுமந்த தொழிலாளியை, அசைவையும் ஓய்வையும் அளந்து ஒழுங்குபடுத்தி, நாற்பத்தேழு தொன்னுக்கு மேல் சுமக்க வைத்ததாக அதில் எழுதியுள்ளார். கூலியையும் அவர் உயர்த்திக் கொடுத்தார் என்பதை மறைக்கக்கூடாது. ஆயின் அவருடைய முறையில் சிந்திப்பது மேலாளரின் வேலை. செய்வது தொழிலாளியின் வேலை. கையை விலைக்கு வாங்கினார்கள். தலையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள்.

இப்பிரிவினையின் அடியில் மனிதனைப் பற்றிய ஒரு நம்பிக்கை இருக்கிறது என்பதை எடுத்துக் காட்டியவர் டக்ளஸ் மக்கிரெகர் என்னும் பேராசிரியர். 1960இல் வெளிவந்த தம் நூலில் இரு கொள்கைகளை அவர் வேறுபடுத்தினார். மனிதன் இயல்பாகவே வேலையை வெறுப்பவன், அவனை ஏவியும் வெருட்டியுமே வேலை வாங்கவேண்டும் என்பது ஒன்று. அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டார். தக்க நிலைமை அமைந்தால் மனிதன் பொறுப்பைத் தானே தேடி ஏற்பான் என்பது மற்றது. அதற்கு வை என்று பெயரிட்டார். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நாம் எதை நம்புகிறோமோ அதன்படி நடத்துகிறோம். நடத்தியபடியே அவர்களும் ஆகிவிடுகிறார்கள். பின், "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்கிறோம். எங்கள் பண்டகசாலை மேற்பார்வையாளர் எங்களைச் சோம்பேறிகள் என்று எண்ணினார். நாங்களும் அவரை ஏமாற்றவில்லை!

"இது வெறும் வாதம், பரீட்சித்துப் பார்த்தார்களா?" என்று பெரியோர் கேட்கலாம். பார்த்திருக்கிறார்கள்.

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கேட் லெவின், லிப்பிற், வைற் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி நம்மைப் போன்ற வாலிபர் சங்கங்களுக்கு மிகவும் ஏற்றது. பத்து வயதுச் சிறுவரைச் சிறு சிறு கழகங்களாகப் பிரித்து, முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்து ஏவினார். மற்றொருவகைத் தலைவர் சிறுவரோடு கலந்து பேசி முடிவு செய்தார். மூன்றாம் வகையினர் ஒன்றிலும் தலையிடாது விட்டுவிட்டார். ஏவிய தலைவரின் கீழ் வேலை குறையவில்லை. இதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே போனவுடன் அங்கு வேலை பெரிதும் தளர்ந்தது. கலந்து பேசிய தலைவர் போனபின்னும் அவருடைய சிறுவர் தம் வேலையைத் தொடர்ந்தார்கள். தலையிடாத தலைவரின் கழகத்திலோ ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. ஆகவே, அடக்குமுறைக்கு மாற்று ஆளை அவன் போக்கில் விட்டுவிடுவதே என்று எவரும் எண்ணக்கூடாது. இது வாலிபர்களாகிய நமக்கும் உரிய பாடம்.

சிக்காகோ நகருக்கு அண்மையில் இருந்த ஹோதோண் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றியும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொலைபேசிக் கருவிகளைச் செய்த அத்தொழிற்சாலையில் சில பெண்களைத் தனியறையில் இருத்தி, இடையிடையே ஓய்வு கொடுத்து, அவர்களின் கருத்தையும் கேட்டு வேலை செய்வித்தார்கள். உற்பத்தி ஏறியது. பின்னர் ஓய்வை நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. தங்களைக் கவனிக்கிறார்கள், தங்கள் சொல்லுக்கு மதிப்புண்டு என்ற உணர்வே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். ஆயினும் அச்சோதனையின் நடுவே இரு பெண்களை மாற்றி வேறிருவரைச் சேர்த்தார்கள் என்பதையும், கூலி கொடுக்கும் முறையையும் மாற்றினார்கள் என்பதையும் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். எனவே ஹோதோணை மட்டும் சாட்சியாகக் கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. அதனினும் வலிய சாட்சி ஒன்று உண்டு.

கலிபோணியாவில் பிரீமொன்ற் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மோட்டார் வண்டித் தொழிற்சாலை இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே தீராத பகை. ஐவரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. வண்டிகள் நகர்ந்து செல்லும் வரிசை எக்காரணங் கொண்டும் நிற்கக்கூடாது என்பதே அங்கு சட்டம். ஆகவே குறையோடு கூடிய வண்டியும் அப்படியே நகர்ந்து போகும், கண்டவன் பேசாதிருப்பான். 1982இல் அத்தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

1984இல் யப்பானின் ரொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டாக அதே இடத்தில் மீண்டும் வேலை தொடங்கின. நிர்வாகப் பொறுப்பு ரொயோட்டாவிடம் இருந்தது. அவர்கள் சேர்த்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிற்சாலையின் தொழிலாளரே. அதே தொழிற்சங்கத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். மாறியது முறை. தொழிலாளர் சிறு குழுக்களாக அமைந்தார்கள். குழுத் தலைவர்கள் பலரை யப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். மேலாளருக்கென்று தனிச் சாப்பாட்டறை இல்லாது போயிற்று. எல்லாவற்றிலும் மேலாக, ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கும் எட்டும்படி ஒரு கயிறு கட்டியிருந்தது. குறை கண்டவன் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் உதவிக்கு வருவார். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவனை எவரும் ஏசமாட்டார்.

நடந்தது என்ன? வேலைக்கு வராதிருந்தோர் தொகை பல மடங்கு குறைந்தது. சில ஆண்டுகளுள் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகளுள் தரத்தில் முன்னணியில் நிற்கும் ஒன்றாக அது விளங்கியது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை குறைந்தபோதும் ஆட்களை நீக்காது, அவர்களைப் பயிற்சியிலும் திருத்த வேலைகளிலும் ஈடுபடுத்தினார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள் என்ற நம்பிக்கை அதனால் உறுதிப்பட்டது.

இதையும் தேவலோகமாக வருணிக்கமாட்டேன். வேலை இலகுவாகவில்லை, முன்னையிலும் நெருக்கமாயிற்று. ஓயாத அழுத்தத்தால் தொழிலாளரை வருத்துகிறார்கள் என்று குறைகூறியோரும் இருந்தனர். யப்பானிய உற்பத்தி முறையின் பிற சிறப்புக்களும் வெற்றிக்கு உதவின. கூட்டு நிறுவனம் 2010இல் மூடப்பட்டது. இன்று அக்கட்டடத்தில் ரெஸ்லா நிறுவனம் வண்டி செய்கிறது. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. உதவாதவர்கள் என்று பெயரெடுத்த அதே மனிதரே, வேறொரு முறையின் கீழ் உலகம் பார்க்க வந்த தொழிலாளர் ஆனார்கள்.

இக்கதையை விரிவுரை மண்டபத்தில் முதன்முதல் கேட்டபோது என் நினைவு போனது அந்தச் சீனி மூடைகளுக்கே. எங்கள் பண்டகசாலையில் அந்தக் கயிறு இருக்கவில்லை. அச்சத்தால் ஆளும் இடத்தில் வேலை நடக்கும். ஆனால் உண்மை மேலே ஏறாது. கீழே உள்ளவன் கண்ட ஒழுக்கு மேலே உள்ளவருக்குத் தெரியவரும்போது மூடைகள் கரைந்து முடிந்திருக்கும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

நம் நாட்டுக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை வாங்கியவருக்குக் கங்காணி என்று பெயர். கண்காணி என்னும் சொல்லே அவ்வாறு மருவியது. அது ஆங்கிலேயர் எழுதிய நூல்களிலும் ஏறிவிட்டது. மேற்பார்வை என்றாலும் பொருள் பார்ப்பதே. பார்ப்பதற்கு இத்தனை சொற்கள் வைத்திருக்கும் நாம், கீழே உள்ளவர் சொல்வதைக் கேட்பதற்கு ஒரு பதவிப் பெயராவது வைத்திருக்கிறோமா? வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆளை நன்கு ஆராய்ந்து தெரிந்த பின்னர் காரியத்தை அவன் பொறுப்பில் ஒப்படைக்கச் சொல்லியிருப்பது பெரியோர் அறிந்ததே. நம்மிற் பலர் ஆராய்வதோடு நின்றுவிடுகிறோம். ஒப்படைப்பதற்கு மனம் வருவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இனிய சொல் கூலிக்கு ஈடாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. அந்நாட்களில் மாதச் சம்பளத்தோடு குடும்பம் நடத்தியவரிடம் போய், "உமது கருத்தை மதிக்கிறேன்" என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார். 1959இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் பிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் என்பவர் ஏறக்குறைய 200 பொறியியலாளரையும் கணக்காளரையும் வினாவி, ஒரு வேறுபாட்டைக் கண்டார். சம்பளமும் வேலை நிலைமையும் குறைந்தால் மனக்குறை பிறக்கும். அவை நிறைந்தால் மனக்குறை நீங்குமேயன்றி ஊக்கம் தானே பிறந்துவிடாது. ஊக்கம் பிறப்பது சாதித்த மகிழ்ச்சியாலும், பிறர் அதை அறிந்து பாராட்டுவதாலும், பொறுப்பாலும், வேலையின் சுவையாலுமே என்பது அவர் முடிபு. பிற்காலத்தார் இதனை முழுவதும் ஏற்றாரல்லர். ஆயினும் நியாயமான கூலி அத்திவாரம், மதிப்பு அதன்மேல் எழும் சுவர் என்று நாம் கொள்ளலாம். அத்திவாரமில்லாச் சுவரும் விழும். சுவரில்லா அத்திவாரத்தில் எவரும் குடியிருக்கமாட்டார்.

இனி, நாளை ஒரு கந்தோரிலோ கடையிலோ பாடசாலையிலோ பத்துப் பேருக்கு மேலாக நிற்கப்போகும் என் வயதினருக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, ஏவுமுன் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் அறிந்தவன், நீங்கள் இல்லாத வேளையில் புதிய இடர் வந்தாலும் தக்கது செய்வான். இரண்டாவது, செய்பவனையே கேளுங்கள். பதினெட்டு ஆண்டு ஒரே பண்டகசாலையில் நின்றவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்றாவது, கெட்ட செய்தி கொண்டு வருபவனைத் தண்டியாதீர்கள். ஒருமுறை ஏசினால் அவன் திருந்தமாட்டான், மறுமுறை வரமாட்டான்.

பெரியோர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியற்றவன். ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. நான் படித்த மிஷன் கல்லூரியில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். ஆய்வுகூடத்தின் திறப்பை மாணவனொருவன் கையிற் கொடுத்து, "வேலை முடிய நீரே பூட்டிவிட்டு வாரும்" என்று போய்விடுவார். அவ்வாண்டு முழுவதும் திறப்பு எங்களிடமே இருந்தது. ஒருமுறை ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. உடைத்தவனே ஓடிப்போய் அவரிடம் சொன்னான். அவர் ஏசவில்லை, எப்படி உடைந்தது என்று மட்டுமே கேட்டார். இளைஞர் கூட்டத்துக்கு வருகிறார்களில்லை, பொறுப்பெடுக்கிறார்களில்லை என்ற குறை நம் சங்கத்திலும் கேட்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதிரை அடுக்குவதற்கு மட்டும் அழைக்கப்படுபவன் கதிரை அடுக்கிவிட்டுப் போய்விடுவான். ஏதாவது ஒரு சிறு காரியத்தின் திறப்பை எங்களிடம் தந்து பாருங்கள். ஒன்றிரண்டு குடுவை உடையக்கூடும்.

வாலிப நண்பர்களே, திறப்பு கைக்கு வந்தால் பழியும் நம் கைக்கே வரும் என்பதை மறவாதிருப்போம். என் மேற்பார்வையாளரின் முறை பிழையானது என்று இவ்வளவு நேரமும் சொன்னேன். ஆயினும் அன்று மாலை வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நானே. ஏச்சுக்குப் பயந்து நான் காத்த மௌனத்துக்குச் சம்பளத்தால் விலை கொடுத்தவர் குற்றமற்ற ஒரு முதியவர். முகாமை பிழையாயிருப்பது நம் மௌனத்துக்குக் காரணமாகலாம், சமாதானமாக முடியாது. விடுமுறைக்கு ஊர் வரும் வழியில் அவரைத் தேடிச் சென்று நடந்ததைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். இச்சபையில் சொல்லிவிட்டேனாகையால் இனி அதைத் தள்ளிப்போடவும் முடியாது.